நிலத்தடி ஹிப் ஹாப்: வரி நம்முடையது, பாட்டு யாருடையது?

தாமான் வீட்டுப் படுக்கையறையில் ஒரு மடிக்கணினி, ஒரு ஒலிவாங்கி, நோட்டுப் புத்தகத்தில் பதினாறு வரி. நம் இளைஞர்கள் பலர் தமிழ் ராப் பாடல்களை இப்படித்தான் உருவாக்குகிறார்கள். பெரிய இசை நிறுவனமோ திரைப்பட வாய்ப்போ இதற்குத் தேவைப்படுவதில்லை.

இந்தப் பாடல்களைப் பொதுவாக 'அண்டர்கிரவுண்ட் ஹிப் ஹாப்' என்கிறோம். தமிழில் 'நிலத்தடி ஹிப் ஹாப்' எனலாம். பெற்றோர் பலருக்கு இந்தப் பெயர் சற்று அச்சம் தரக்கூடும். ஒளிந்து செய்யும் காரியம் என்று அதற்குப் பொருள் இல்லை. பெரிய நிறுவனத்தின் பணமும் கட்டளையும் இன்றி, கலைஞரே எழுதி, பதிவு செய்து, வெளியிடும் இசை என்பதே பொருள். அப்படியானால் அந்தப் பாட்டின் உரிமையும் அவரிடமே இருக்க வேண்டும். நடைமுறையில் பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

பள்ளித் துணிக்காக ஒரு விருந்து

ஹிப் ஹாப் பிறந்த நாளாகக் கொண்டாடப்படுவது 1973 ஆகஸ்ட் 11. அன்று நியூயார்க் மாநகரின் பிராங்க்ஸ் வட்டாரத்தில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தில், சிண்டி கேம்பல் என்ற இளம்பெண் ஒரு விருந்து ஏற்பாடு செய்தார். பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்கப் பணம் சேர்ப்பதுதான் நோக்கம். பெண்களுக்கு 25 காசு, ஆண்களுக்கு 50 காசு என நுழைவுக் கட்டணம் வசூலித்தார்.

இசைத்தட்டுச் சுழற்றியவர் அவருடைய அண்ணன், ஜமைக்காவில் பிறந்த டிஜே கூல் ஹெர்க். பாடலில் குரல் நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்தில்தான் கூட்டம் அதிகம் ஆடுகிறது என்பதை அவர் கவனித்திருந்தார். ஒரே பாடலின் இரண்டு தட்டுகளை இரண்டு சுழலிகளில் வைத்து, அந்தத் தாளப் பகுதியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டார். அந்தத் தாளத்தின் மீது ஒருவர் சொற்களை அடுக்கிப் பேசியது பின்னாளில் ராப் என வளர்ந்தது.

பிராங்க்ஸ் அன்று நொந்துபோன வட்டாரம். நடுவே வெட்டப்பட்ட நெடுஞ்சாலைக்காகக் குடும்பங்கள் வீடுகளை இழந்திருந்தன. வேலையும் குறைந்திருந்தது. தோட்டம் விற்கப்பட்டு, லயத்தை விட்டு வெளியேறி, மலிவு விலை அடுக்குமாடிகளில் குடியேறிய நம் குடும்பங்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. ஹிப் ஹாப் நம் பிள்ளைகளிடம் எளிதாக ஒட்டிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

1979இல் 'ராப்பர்ஸ் டிலைட்' பாடல் வெற்றி பெற்றதும் இசை நிறுவனங்கள் ராப்பைத் தேடி வந்தன. விற்பனைக்கேற்ற பாடல் ஒரு பக்கமும், தாம் நினைத்ததைச் சொல்லும் பாடல் மறுபக்கமும் பிரியத் தொடங்கின. எம்எஃப் டூம் என்ற கலைஞரை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 1990களின் முற்பகுதியில் பெரிய நிறுவனம் ஒன்று அவருடைய குழுவின் இசைத்தொகுப்பை வெளியிடாமல் கைவிட்டது. அவர் முகமூடி அணிந்து திரும்பி வந்து, 1999இல் ஒரு சிறிய நிறுவனத்தின் வழியே 'ஆப்பரேஷன் டூம்ஸ்டே' தொகுப்பை வெளியிட்டார். சுயாதீனக் கலைஞர்கள் இன்றும் அதைப் பாடநூல்போல் கேட்கிறார்கள்.

மலேசியத் தமிழர் போட்ட பாதை

1994இல் 'காதலன்' திரைப்படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் 'பேட்டை ராப்' பாடலைத் தந்தார். அது சினிமாவுக்குள் வந்த ராப். சினிமாவுக்கு வெளியே, தனி இசைத்தொகுப்பாகத் தமிழ் ராப்பை நிலைநிறுத்தியதில் மலேசியத் தமிழருக்குப் பெரும் பங்கு உண்டு.

யோகி பி, லேண்ட் ஸ்லைட், சி லோகோ, பாயிண்ட் பிளாங்க் ஆகியோர் இணைந்த 'பொயட்டிக் அம்மோ' குழு 1998இல் 'இட்ஸ் எ நைஸ் டே டு பி அலைவ்' தொகுப்பை வெளியிட்டது. ஆங்கிலம், மலாய், தமிழ், கெண்டனீஸ் என நான்கு மொழிகளில் ராப் செய்த குழு அது. பல இனத்தவர் ஒரே தாமானில் வாழும் நாட்டில்தான் இப்படி ஒரு குழு உருவாக முடியும்.

அதன்பின் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜேஸ் ஆகியோருடன் சேர்ந்து 'யோகி பி & நட்சத்திரா' என்ற பெயரில் 2006இல் 'வல்லவன்' தொகுப்பைக் கொண்டுவந்தார். 1980இல் வெளியான 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா இசையமைத்த 'மடை திறந்து' பாடலின் மறுவடிவம் அதில் இடம்பெற்றது. அது மலேசியாவைத் தாண்டித் தமிழ்நாட்டிலும் பரவியது. தமிழகப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த நம் ஊரிலிருந்து ஒரு பாடல் தமிழகத்துக்குப் போனது. பிறகு 'ஆடுகளம்' (2011), 'விவேகம்' (2017) ஆகிய படங்களின் பாடல்களிலும் யோகி பி குரல் கொடுத்தார்.

சிங்கப்பூரின் லேடி கேஷ், 2010இல் 'எந்திரன்' படத்தின் 'இரும்பிலே ஒரு இருதயம்' பாடலில் கிரிஸியுடன் சேர்ந்து ராப் பாடினார். ஆண்கள் மிகுந்த இத்துறையில் பெண் குரலுக்கு அது முக்கியமான வரவு. யங் ராஜா தமிழையும் ஆங்கிலத்தையும் கலந்து, சிங்கப்பூர் இளைஞர்கள் பேசுவதுபோலவே பாடிப் பெயர் பெற்றார். இங்கே ஹேவோக் பிரதர்ஸ் போன்றோர் யூடியூப் வழியே ரசிகர்களைத் திரட்டினர்.

தமிழ்நாட்டில் ஹிப்ஹாப் தமிழா இணையத்தில் புகழ்பெற்று, 2012இல் 'ஹிப் ஹாப் தமிழன்' தொகுப்பை வெளியிட்டது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியில் உருவான 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கானாவையும் ராப்பையும் சேர்த்துச் சாதி ஒடுக்குமுறைக்கு எதிராகப் பாடியது. அக்குழுவில் பாடிய அறிவு, பின்னர் ஓஃப்ரோவுடன் இணைந்து 2019இல் 'தெருக்குரல்' தொகுப்பைத் தந்தார்.

பதினாறு பாரில் யாப்பு

ராப் என்றால் வேகமாகப் பேசுவது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கும் கணக்கு உண்டு. நான்கு தாளத் தட்டு சேர்ந்தால் ஒரு 'பார்'. வழக்கமாக ஒரு பகுதிக்கு 16 பார். நிமிடத்துக்கு 90 தட்டு என்ற வேகத்தில் அதைப் பாடி முடிக்க ஏறத்தாழ 43 விநாடி ஆகும். சொல்ல வந்ததை அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

நம் யாப்பில் மோனை முதலெழுத்து ஒன்றுவது. எதுகை இரண்டாம் எழுத்து ஒன்றுவது. இயைபு அடியின் இறுதி ஒன்றுவது. செய்யுளில் எதுகையும் மோனையும் ஆட்சி செய்தன. ஆங்கில ராப் பெரிதும் இயைபை நம்புகிறது. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால் இயைபு எளிதாகவே கிடைத்துவிடும். 'வந்தேன், நின்றேன், சென்றேன்' என்று நாள் முழுக்க அடுக்கலாம். கேட்பவருக்குத்தான் சலித்துப்போகும்.

தேர்ந்த கலைஞர் அடிக்கு உள்ளேயும் ஓசையைப் பொருத்துவார். 'தோட்டம் போச்சு, ஓட்டம் ஆச்சு' என்று ஒருவர் எழுதினால், தோட்டமும் ஓட்டமும் எதுகையாகின்றன. போச்சும் ஆச்சும் இயைபாகின்றன. நான்கே சொல்லில் ஒரு குடும்பத்தின் கதையும் வந்துவிடுகிறது. தைப்பூசத்தில் திருப்புகழும் காவடிச்சிந்தும் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தச் சந்தம் அந்நியமாகாது.

கும்பல் வாழ்க்கையையும் வெட்டுக்குத்தையும் பெருமையாகப் பாடும் ராப்பும் இருக்கிறது. அதைப் பற்றிய பெற்றோரின் கவலை நியாயமானது. ஆனால், சண்டையைப் பற்றிப் பாடும் எல்லாப் பாட்டும் சண்டையைப் புகழ்வதில்லை. நண்பனை இழந்த வேதனையைப் பாடுபவரும் அதே தெருவிலிருந்துதான் வருகிறார். வரிகளை முழுமையாகக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வது நல்லது.

பீட் செய்பவர்

பாடகரின் முகம் காணொளியில் தெரியும். தாளத்தையும் இசையையும் உருவாக்கும் தயாரிப்பாளரின் முகம் தெரியாது. 'பீட்' அவருடைய படைப்பு. முன்பு அகாய் நிறுவனத்தின் எம்பிசி போன்ற கருவிகள் இதற்குத் தேவைப்பட்டன. இன்று எஃப்எல் ஸ்டூடியோ, ஏபிள்டன் போன்ற மென்பொருள்களைக் கொண்டு வீட்டிலேயே செய்யலாம்.

பழைய பாடலின் ஒரு துண்டை எடுத்துப் புதுத் தாளத்தில் சேர்ப்பதை 'சாம்பிள்' என்பார்கள். ஹிப் ஹாப்பின் அடிப்படையே இதுதான். சட்டச் சிக்கலும் இதில்தான். 1991இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, அனுமதியின்றி சாம்பிள் எடுத்த பிஸ் மார்கி என்ற ராப் கலைஞருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதன்பின் அனுமதி பெறுவது அங்கே கட்டாய நடைமுறையானது. இங்கு பலரும் இளையராஜா பாடல்களைத்தான் முதலில் எடுக்கிறார்கள். அவரோ தம் உரிமையில் கண்டிப்பானவர். 2017இல் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கும், 2024இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படக் குழுவுக்கும் அவர் தரப்பிலிருந்து வழக்கறிஞர் அறிவிக்கை போனது. கோயிலிலும் ஊர்வலத்திலும் உறுமி வாசிப்பவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களை உரிய ஊதியம் கொடுத்து வாசிக்கவைத்துப் பதிவு செய்தால், ஓசையும் நம்முடையதாகும், வழக்கும் வராது.

உரிமை இரண்டு

ஒரு பாட்டில் இரண்டு தனித்தனிச் சொத்துகள் உண்டு. வரிகளும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒன்று. பதிவு செய்யப்பட்ட ஒலி மற்றொன்று. இரண்டாவதை 'மாஸ்டர்' என்பார்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எழுதிக் கொடுத்துவிட முடியும் என்பதால், கையெழுத்திடும் முன் எது எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாயி எஞ்சாமி' உலகெங்கும் பரவியது. நிலமற்ற உழைப்பாளர்களின் கதை அது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தம் முன்னோரின் நினைவையும் அறிவு அதில் சேர்த்திருந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் அறிவு இடம்பெறாதது பெரும் விவாதமானது. 2024 மார்ச்சில், அந்தப் பாடலுக்காகத் தமக்கும் தீ, அறிவு ஆகியோருக்கும் அதுவரை வருமானம் வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகக் கூறினார். இவ்வளவு புகழ்பெற்ற பாடலுக்கே பெயரும் பணமும் கேள்விக்குள்ளாகும் என்றால், தாமானில் பாடும் தம்பியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

வெளியிடும் முன் செய்ய வேண்டியவை

மலேசியாவில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பாட்டை எழுதியோ பதிவு செய்தோ முடித்தவுடன் உரிமை தானாகவே பிறக்கிறது. வரிகளுக்கும் மெட்டுக்குமான உரிமை படைத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 50 ஆண்டும் நீடிக்கும். சிங்கப்பூரில் 70 ஆண்டு. உரிமை தானாக வந்தாலும், தகராறு எழுந்தால் சான்று வேண்டும். மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகமான மைஐபிஓவில் சத்தியப் பிரமாணத்துடன் படைப்பைத் தாமாக முன்வந்து பதிந்துவைக்கலாம்.

அடுத்தது பங்குத்தாள். எழுதியவர், பாடியவர், பீட் செய்தவர் யார் யார், யாருக்கு எத்தனை விழுக்காடு என்று ஒரே பக்கத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்திட வேண்டும். பாட்டு முடிந்த அன்றே இதைச் செய்துவிடலாம். பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு நண்பர்களுக்குள் இந்தப் பேச்சை எடுப்பது கடினம்.

இணையத்தில் பீட் வாங்குவோர், அது வாடகையா முழு உரிமையா என்று பார்க்க வேண்டும். வாடகை பீட்டை வேறு பலரும் வாங்கியிருக்கலாம். எத்தனை முறை ஒலிக்கலாம் என்ற வரம்பும் இருக்கலாம்.

பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் மலேசியாவில் எம்ஏசிபி, சிங்கப்பூரில் கம்பாஸ் அமைப்பில் உறுப்பினரானால், வானொலியிலும் பொது இடங்களிலும் ஒலிக்கும் பாடலுக்கான தொகையை அவை வசூலித்துத் தரும். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்குப் பாடலை அனுப்ப டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோகச் சேவைகள் உண்டு. ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி எனும் 12 எழுத்து அடையாள எண் இருக்கும். அதைக் குறித்துவைப்பது அவசியம். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 முறைக்கும் குறைவாக ஒலித்த பாடலின் பதிவுக்குப் பணம் கிடைப்பதில்லை. எனவே அதை மட்டும் நம்பி வேலையை விட வேண்டாம். மேடை நிகழ்ச்சி, சட்டை விற்பனை, பிறருக்குப் பீட் செய்து தருதல் ஆகியவையும் சுயாதீனக் கலைஞருக்கு வருமான வழிகள்.

பிள்ளை அறையில் பாடும் சத்தம் கேட்டால், 'படிப்பைப் பார்' என்று சொல்வதோடு பெற்றோர் இன்னொன்றும் கேட்கலாம்: 'வரி யார் எழுதியது? பீட் யாருடையது? எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டாயா?' கடன் பத்திரத்தையும் வீட்டுப் பத்திரத்தையும் படித்துப் பார்த்துக் கையெழுத்திட நாம் பட்டுப் படித்துக்கொண்டோம். பாட்டுப் பத்திரத்துக்கும் அதே கவனம் வேண்டும்.