தொப்பியில் உட்கார்ந்த பறவைகள்

மே மாதக் காலையில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் ராம்பிள் பகுதிக்குப் போனால், பைனாகுலரும் கையுமா ஒரு கூட்டம் அண்ணாந்து நிற்கும். ராத்திரியெல்லாம் வடக்கு நோக்கிப் பறந்த வார்ப்ளர் குருவிகள், கான்கிரீட்டுக்கு நடுவில் தெரியும் இந்தப் பச்சையில்தான் இறங்கும்.

1886-ல் இதே ஊரில் பறவை பார்க்க மரத்தடிக்கே போக வேண்டாம். ஃபிராங்க் சாப்மன் கடைத்தெருவில் இரண்டு பிற்பகல் நடந்து, பெண்களின் தொப்பிகளை எண்ணினார். 700 தொப்பிகளில் 542-ல் இறகோ, முழுப் பறவையோ! அடையாளம் கண்டது மட்டும் 40 இனம். (பிய்த்து ஒட்டிய இறகை வைத்து இனம் சொல்றது லேசுப்பட்ட வேலையா என்ன?)

அதே சாப்மன்தான் 1900 கிறிஸ்துமஸில், சுடுவதை விட்டு உயிரோடு எண்ணுங்கள் என்று அழைத்தார். 27 பேர் கிளம்பினார்கள். எண்ணிய இடங்களில் சென்ட்ரல் பார்க்கும் ஒன்று. வலசைப் பறவைகளைக் காக்கும் சட்டம் 1918-ல்தான் வந்தது.