மாட்டு டாக்டரும் மாநில எல்லையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கால்நடை மருத்துவன் இல்லை. பி.காம் முடித்து வங்கியில் சேர்ந்து, இருபது வருடமாக மாற்றல் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு மாநிலம் மாநிலமாகச் சுற்றுகிறவன். மாட்டுக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் கடன் ஃபைல் வழியாக வந்ததுதான். கறவை மாட்டுக் கடன் கொடுத்தால் மாட்டுக்கு இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். இன்சூரன்ஸ் என்றால் மாட்டின் காதில் வில்லை வேண்டும், பேப்பரில் கால்நடை மருத்துவரின் கையெழுத்து வேண்டும். இந்தக் கையெழுத்தைப் போட யாருக்கு உரிமை, அது ஏன் மாநிலத்துக்கு மாநிலம் குழப்பமாக இருக்கிறது என்று தேடப்போய்க் கிடைத்த கதை இது. கொஞ்சம் சட்டம் கலந்தது. கொட்டாவி வராமல் சொல்லப் பார்க்கிறேன் :-)

எங்கள் காமர்ஸ் ஆட்களிடமிருந்தே ஆரம்பிப்போம். ஆடிட்டர்களுக்கு 1949-லேயே நாடு முழுக்க ஒரே சட்டம் வந்துவிட்டது. வக்கீல்களுக்கு 1961. மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்களுக்கான முதல் அகில இந்தியச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1933-ல் வந்தது. கால்நடை மருத்துவர்களுக்கு? 1984. சுதந்திரம் வந்து முப்பத்தேழு வருடம் கழித்து!

மாடு என்றால் இளக்காரமா என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் காரணம் வேறு. அது அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. மத்திய அரசுக்கு ஒரு பட்டியல், மாநிலங்களுக்கு ஒரு பட்டியல், இருவருக்கும் பொதுவாக ஒரு பட்டியல் என்று பள்ளியில் படித்திருப்போமே, அதுதான். வக்கீல், டாக்டர் மற்றும் பிற தொழில்கள் எல்லாம் பொதுப்பட்டியலில் 26-வது வரியில் இருக்கின்றன. அதனால் டில்லியே சட்டம் போடலாம். ஆனால் கால்நடைகளைப் பாதுகாப்பது, அவற்றின் நோய்களைத் தடுப்பது, கால்நடை மருத்துவப் பயிற்சி, அந்தத் தொழில் எல்லாமே மாநிலப் பட்டியலில் 15-வது வரியில் தனியாக இருக்கின்றன. 14-வது வரி விவசாயம். 16-வது வரி, அத்துமீறி மேயும் மாட்டைப் பிடித்து அடைக்கும் பட்டி. அதாவது மாட்டு டாக்டரை டாக்டர்களோடு சேர்க்கவில்லை. வயலுக்கும் பட்டிக்கும் நடுவில், மாட்டோடு மாடாக உட்கார வைத்துவிட்டார்கள்.

இதை 1950-ல் புதிதாகச் செய்ததில்லை. 1919 சீர்திருத்தத்திலேயே கால்நடைத் துறை மாகாண மந்திரிகளின் கைக்குப் போய்விட்டது. 1935 சட்டத்தின் மாகாணப் பட்டியலிலும் விவசாயம், கால்நடை மருத்துவம், பட்டி மூன்றும் ஒரே வரியில் இருந்தன. சாசனம் எழுதியவர்கள் அந்த வரியை மூன்றாகப் பிரித்தார்கள், அவ்வளவுதான்.

படிப்பும் அப்படியே மாகாணத்துக்கு ஒன்றாக வளர்ந்தது. வெக்கை நோய் வந்தால் ஊர் ஊராக மாடுகள் விழுந்த காலம் அது. அதை விசாரிக்க ஒரு கமிஷன் போட்டு, 1871-ல் அறிக்கையும் வந்தது. ராணுவத்துக்கோ குதிரைகள் முக்கியம். இந்தத் தேவைகளுக்காக லாகூரில் 1882, பம்பாயில் 1886, கல்கத்தாவில் 1893, சென்னையில் 1903 என்று கல்லூரிகள் வந்தன. நம் சென்னைக் கல்லூரி சைதாப்பேட்டையில் ஆரம்பித்து பிறகு வேப்பேரிக்குப் போனது. லாகூரில் படித்தவர் எல்.வி.பி. என்று போட்டுக்கொள்வார், சென்னையில் படித்தவர் ஜி.எம்.வி.சி. என்று போட்டுக்கொள்வார். பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்தை வைத்தே ஆள் எந்த ஊர்ப் படிப்பு என்று சொல்லிவிடலாம். 1935-ல் சென்னைக் கல்லூரி பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டப்படிப்பை ஆரம்பித்தது. இந்தியாவில் கால்நடை மருத்துவத்துக்குப் பட்டம் வந்தது அங்கேதான் முதலில். நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

ஆனால் பட்டம் வேறு, தொழில் செய்யும் உரிமை வேறு. மகாராஷ்டிரம் 1971-ல் தனக்கென்று கால்நடை மருத்துவர் சட்டம் போட்டது. எல்லா மாநிலமும் அப்படிச் செய்யவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் பதிவேடு, அந்தப் பக்கம் ஒன்றுமில்லை என்ற நிலை.

இதைச் சரிசெய்ய நினைத்தபோது டில்லிக்கு வந்த சிக்கல் சுவாரசியமானது. மாநிலப் பட்டியலில் கைவைக்க முடியாது. அதற்கு சாசனத்தில் ஒரு வழி உண்டு, 252-வது பிரிவு. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலச் சட்டசபைகள் "எங்களுக்காக நீங்கள் சட்டம் போடுங்கள்" என்று தீர்மானம் போட்டுக் கொடுத்தால், பாராளுமன்றம் அந்த மாநிலங்களுக்காகச் சட்டம் செய்யலாம். அப்படிக் கேட்டவை ஐந்து: ஹரியானா, பீகார், ஒரிஸ்ஸா, இமாசலப் பிரதேசம், ராஜஸ்தான். அந்த ஐந்து பெயரையும் 1984-ம் வருட இந்திய கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டத்தின் முதல் பக்கத்திலேயே பார்க்கலாம். சட்டத்தின் பெயரில் "இந்திய" என்று இருந்தாலும், பிறந்த அன்று அது ஐந்து மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும்தான். மற்றவை பின்னால் தீர்மானம் போட்டு ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

சேர்ந்தால் ஒரு நிபந்தனை. சேர்ந்த பிறகு அந்தச் சட்டத்தை மாநிலம் தன்னிஷ்டத்துக்குத் திருத்த முடியாது, பாராளுமன்றம்தான் திருத்தலாம். அதே விஷயத்தில் மாநிலத்தின் பழைய சட்டமும் போய்விடும். மகாராஷ்டிரத்தின் 1971 சட்டம் அப்படித்தான் போனது.

சரி, இதனால் படித்தவருக்கு என்ன லாபம்? நம்மைப் போல் ஊர் மாறும் குடும்பங்களுக்கு ஒரு உதாரணம் சொன்னால் உடனே புரியும். ஸ்கூட்டரையோ காரையோ வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவு எண் வாங்க வேண்டும். அந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் அலைச்சலை அனுபவிக்காத ஆள் நம்மில் குறைவு. கால்நடை மருத்துவருக்கு அவ்வளவு பாடு இல்லை. மாநில கவுன்சிலில் பதிவு செய்தால் அந்தப் பெயர் அகில இந்தியப் பதிவேட்டிலும் ஏறும், நாட்டில் எங்கும் தொழில் செய்யலாம். நிரந்தரமாக வேறு மாநிலத்தில் தொழில் செய்தால் பதிவை அங்கே மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இன்று படிப்பும் எங்கும் ஒரே அளவு: உள்ளுறைப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருடம்.

அப்படியானால் மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம் எங்கேதான் இருக்கிறது? டாக்டருக்குக் கீழே இருக்கிறது.

அந்தச் சட்டத்தின் 30-வது பிரிவு, பதிவு பெற்றவரைத் தவிர யாரும் கால்நடை வைத்தியம் பார்க்கக்கூடாது, சான்றிதழில் கையெழுத்துப் போடக்கூடாது என்கிறது. உடனே ஒரு விலக்கும் தருகிறது. டிப்ளமோவோ சான்றிதழோ வைத்திருக்கும் உதவியாளர்களை, பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் "சிறு மருத்துவப் பணி" செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம். தடுப்பூசி, காயடிப்பது, புண்ணுக்கு மருந்து கட்டுவது ஆகியவற்றைச் சட்டமே சொல்லிவிடுகிறது. அதற்கு மேல் எந்தெந்த நோய்க்கு அவர் மருந்து கொடுக்கலாம் என்பதை மாநில அரசு கெசட்டில் அறிவிக்கலாம். வித்தியாசம் நுழைகிற வாசல் இதுதான்.

ஆளின் பெயரே ஊருக்கு ஊர் மாறும். தமிழ்நாட்டில் கால்நடை ஆய்வாளர். ராஜஸ்தானில் நெடுங்காலம் பசுதன் சஹாயக் என்றிருந்தது. ஹரியானாவில் வி.எல்.டி.ஏ. மகாராஷ்டிரத்தில் பசுதன் பர்யவேக்ஷக். கிராமத்து ஜனங்களுக்கு எல்லோருமே "டாக்டர் சாப்"தான். ராத்திரி பதினோரு மணிக்குக் கன்று மாட்டிக்கொண்டால் வருகிறவர் யாரோ அவர் டாக்டர். பதிவு எண்ணையா கேட்டுக்கொண்டிருக்க முடியும்?

மகாராஷ்டிரத்தில் ஒரு கிராமக் கிளையில் நான் இருந்தபோது, ஒரு அம்மாவின் எருமை செத்துப்போனது. எங்கள் கடனில் வாங்கியது. அன்று ஊரில் இருந்தவர் உதவியாளர்தான். அவர் வந்து பார்த்தார், பேப்பரில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். இன்சூரன்ஸ் கம்பெனி, இது பதிவு பெற்ற மருத்துவரின் கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டது. அதற்குள் எருமையைப் புதைத்தாகிவிட்டது, இனி யார் வந்து பரிசோதிப்பது? சட்டப்படி கம்பெனி சொன்னது சரி. அந்த அம்மா மிச்சமிருந்த ஒரு எருமையின் பாலை விற்று இரண்டு எருமைக்கும் தவணை கட்டினார். பதினைந்தாவது வரி, முப்பதாவது பிரிவு என்று நான் இன்று எழுதுவதெல்லாம் அவருக்கு அந்தத் தவணைதான்.

உதவியாளர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. டிப்ளமோ படித்துவிட்டுப் பல வருடமாகத் தொழில் செய்தவர்கள், இந்தச் சட்டம் எங்கள் பிழைப்பைப் பறிக்கிறது என்று சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். உதய் சிங் தாகர் வழக்கு என்று பெயர். 2007-ல் தீர்ப்பு வந்தது. எந்தத் தொழிலுக்கும் தகுதி வரையறுக்கச் சட்டத்துக்கு உரிமை உண்டு என்று சொல்லி, சட்டம் செல்லும் என்றது கோர்ட். சிறு பணிகளோடு அவர்கள் நிற்க வேண்டியதுதான்.

தீர்ப்பில் எனக்குக் குறை தெரியவில்லை. அரைகுறையாகப் போட்ட ஊசியால் மாடு செத்தால் நஷ்டம் அதே ஏழைக்குத்தான். ஆனால் கணக்கு இடிக்கிறது. 5,000 மாட்டுக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்று தேசிய விவசாயக் கமிஷன் 1976-லேயே சொன்னது. 2019 கணக்கெடுப்பில் நாட்டில் கால்நடைகள் 53 கோடியைத் தாண்டிவிட்டன. கோழிகள் இதில் சேர்த்தி இல்லை. பதிவு பெற்றவர் எட்டாத ஊரில் உதவியாளர்தான் எல்லாம் செய்கிறார். மேற்பார்வை என்பது பல இடங்களில் காகிதத்தில்தான்.

இன்னொரு வேடிக்கை. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுநோய் பரவாமல் தடுப்பது பொதுப்பட்டியலில் 29-வது வரி. மனிதன், விலங்கு, செடி எல்லாம் அதில் அடக்கம். அதனால் விலங்குகளின் தொற்றுநோய்க்கு 2009-ல் பாராளுமன்றமே நேராகச் சட்டம் போட முடிந்தது. கோமாரி எல்லை தாண்டினால் அது டில்லியின் கவலை. அதற்கு ஊசி போடும் உதவியாளர் எதுவரை போகலாம் என்பது மாநிலத்தின் முடிவு.

நமக்கு இதில் உபயோகமான விஷயம் இரண்டு. பிள்ளை வெளிமாநிலத்தில் கால்நடை மருத்துவம் படிக்க ஆசைப்பட்டால், அந்தக் கல்லூரியின் பட்டம் சட்டத்தின் அட்டவணையில் அங்கீகரிக்கப்பட்டதா என்று முதலில் பாருங்கள். அது இருந்தால் எந்த ஊரில் படித்தாலும் பதிவுக்குக் கவலையில்லை. அடுத்து, ஊரில் அப்பா அம்மா மாடு வைத்திருந்தால், இன்சூரன்ஸ் பேப்பரில் கையெழுத்துக்குக் கீழே பதிவு எண் இருக்கிறதா என்று போனில் கேளுங்கள். மாடு நன்றாக இருக்கும்போதே கேளுங்கள்.

நீங்கள் இருக்கும் மாநிலத்தில் கிராமத்து "டாக்டர் சாப்"புக்கு என்ன பெயர்? தெரிந்தவர்கள் எழுதுங்கள், பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம்.