55 டிகிரியில் தேடியவர்கள்

பி.காம் படிக்கிறவனுக்கு பாக்டீரியாவோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். இந்தக் கதையின் நாயகர்களில் ஒருவரும் நம்மைப் போல இளங்கலை மாணவர்தான்.

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் ஏராளமான வெந்நீர் ஊற்றுகள் உண்டு. 1964-ல் அங்கே போன இந்தியானா பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் பிராக், கை வைத்தால் வெந்துவிடும் ஓடைகளில் வண்ண வண்ணமாய் நுண்ணுயிர்கள் படர்ந்திருப்பதைக் கண்டார். சூட்டில் வாழும் பாக்டீரியா அப்போது புதிதல்ல. ஆனால் அவற்றை வளர்க்க இன்குபேட்டரை வழக்கமாக 55 டிகிரி செல்சியஸில் வைப்பார்கள். அதனால் 55 டிகிரியில் வளர்பவைதான் கிடைத்துக்கொண்டிருந்தன!

பிராக்கும் அவரிடம் படித்த ஹட்சன் ஃப்ரீஸும் செய்தது எளிய காரியம். சூட்டை 70 டிகிரிக்கு ஏற்றினார்கள். 1966-ல் மஷ்ரூம் ஊற்றில் எடுத்த மாதிரியிலிருந்து புதிய பாக்டீரியா ஒன்று வளர்ந்தது. 1969-ல் அதற்கு 'தெர்மஸ் அக்வாட்டிகஸ்' என்று பெயர் வைத்து அறிவித்தார்கள். (பி.சி.ஆர். பரிசோதனை பரவலாகக் காரணமே இதன் நொதிதான். அது தனிக்கதை.)

1976-ல் இரண்டு வைக்கிங் கலங்கள் செவ்வாயில் இறங்கின. மண்ணை அள்ளி, ஊட்டச்சத்துக் கரைசல் ஊற்றிப் பார்த்தன. ஒரு சோதனையில் வாயு கிளம்பியது. ஆனால் கூடப் போன இன்னொரு கருவிக்கு, செவ்வாய்க்கே உரிய கரிமச் சேர்மம் எதுவும் தட்டுப்படவில்லை. வெறும் வேதிவினை என்றே பெரும்பாலான விஞ்ஞானிகள் முடிவு செய்தார்கள். அங்கே உயிர் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கரைசல் பூமி உயிர்களின் ருசிக்குத் தயாரித்தது. அதுவும் ஒருவகை 55 டிகிரிதானே?

அடுத்த வருடமே பூமி ஒரு குட்டு வைத்தது. 1977-ல் கலாபகோஸ் அருகே சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், வெயிலே படாத கடலடி வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி உயிர்க்கூட்டம்! ஹைட்ரஜன் சல்ஃபைடிலிருந்து சக்தி எடுக்கும் பாக்டீரியாக்கள்தான் அங்கே எல்லோருக்கும் சோறு போடுகின்றன என்று பிறகு தெரிந்தது. 2008-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள், அதிக அழுத்தத்தில் 122 டிகிரியிலும் ஒரு நுண்ணுயிர் பெருகுவதைக் காட்டினார்கள்.

இதனால்தான் சூரியனை விட்டு வெகுதூரத்தில் இருக்கும் பனிக்கோள்கள் மீதும் இப்போது கண். சனியின் துணைக்கோளான என்செலடஸிலிருந்து பனித்துகள் பீறிடுவதை 2005-ல் கேசினி விண்கலம் கண்டது. அதில் ஹைட்ரஜன் இருப்பதாக 2017-ல் அறிவித்தார்கள். நம் கடலடி நுண்ணுயிர்கள் பலவற்றுக்கும் அதுதான் சாப்பாடு.

வேற்றுக்கிரக உயிரை நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. 'அங்கே எதுவும் இல்லை' என்று எழுதி மூடும் முன், நம் இன்குபேட்டர் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.