இனவொதுக்கல் காலத் தென்னாப்பிரிக்காவில் கலப்பினப் பிள்ளைப்பருவம்

தென்னாப்பிரிக்காவில் தேசியக் கட்சி 1948-இல் ஆட்சிக்கு வந்தபின் ‘அப்பார்தைட்’ எனப்படும் இனவொதுக்கலை அரசின் கொள்கையாக்கியது. அந்த ஆட்சியில் வளர்ந்த கலப்பினப் பிள்ளைகள் இரு வகையினர். பல தலைமுறைகளுக்கு முன்பே உருவாகி நிலைபெற்றிருந்த ‘கலர்டு’ சமூகத்தில் பிறந்தவர்கள் ஒரு வகை. சட்டம் பிரித்துவைத்த இரு இனங்களைச் சேர்ந்த தாய்தந்தையருக்குப் பிறந்தவர்கள் மற்றொரு வகை. பதிவேட்டில் இரு வகையினருக்கும் பெரும்பாலும் ஒரே முத்திரைதான். வசிக்கும் இடம், படிக்கும் பள்ளி, செய்யக்கூடிய வேலை, மணக்கக்கூடிய துணை ஆகிய அனைத்தையும் அந்த முத்திரையே முடிவு செய்தது.

பின்னணி

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652-இல் கேப் முனையில் குடியேற்றம் அமைத்தது. அங்கு வாழ்ந்த கோய்கோய், சான் மக்கள், ஐரோப்பியக் குடியேறிகள், கம்பெனி கொண்டுவந்த அடிமைகள் ஆகியோரின் வழித்தோன்றல்களே கலர்டு சமூகத்தின் பெரும்பகுதி. அடிமைகள் இந்தோனேசியத் தீவுகள், மடகாஸ்கர், மொசாம்பிக் ஆகிய இடங்களிலிருந்தும், இந்தியாவின் வங்காளம், மலபார், சோழமண்டலக் கரைகளிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள். இச்சமூகத்தில் பலரின் தாய்மொழி ஆப்பிரிக்கான்ஸ். ஆட்சியில் இருந்த ஆப்பிரிக்கானர் வெள்ளையரின் மொழியும் அதுவே. கேப் மாகாணத்தில் கலர்டு ஆண்களுக்கு வெள்ளையரோடு பொதுப் பட்டியலில் வாக்குரிமை இருந்தது. பல ஆண்டு நீதிமன்றப் போராட்டத்துக்குப் பிறகு, மேலவையின் உறுப்பினர் எண்ணிக்கையைக் கூட்டித் தனக்கு வேண்டிய பெரும்பான்மையை உண்டாக்கிக்கொண்ட அரசு, 1956-இல் அவ்வுரிமையைப் பறித்தது.

சட்டங்கள்

வெள்ளையருக்கும் ஆப்பிரிக்கருக்கும் இடையே மணவாழ்வுக்கு வெளியிலான பாலுறவை 1927-ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேட்டுச் சட்டம் தடை செய்தது. 1950-ஆம் ஆண்டுத் திருத்தம் இத்தடையை வெள்ளையரல்லாத அனைவருக்கும் விரித்தது. 1957-ஆம் ஆண்டின் புதிய சட்டம் தண்டனையை ஏழாண்டுச் சிறை வரை உயர்த்தியது. வெள்ளையர் பிற இனத்தவரை மணப்பதை 1949-ஆம் ஆண்டின் கலப்பு மணத் தடைச் சட்டம் விலக்கியது. இதனால் வெள்ளையர் ஒருவருக்கும் பிற இனத்தவர் ஒருவருக்கும் பிறந்த பிள்ளை, பெற்றோரின் குற்றத்துக்குக் கண்கண்ட சான்றாகியது.

1950-ஆம் ஆண்டின் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் குடிமக்கள் அனைவரையும் வெள்ளையர், கலர்டு, ‘நேட்டிவ்’ எனப்பட்ட ஆப்பிரிக்கர் என மூன்றாகப் பிரித்தது. வெள்ளையரும் அல்லாத, ஆப்பிரிக்கரும் அல்லாத எவரும் கலர்டு. 1959-ஆம் ஆண்டுப் பிரகடனம் இவ்வகையை மேலும் கேப் கலர்டு, கேப் மலாய், கிரிக்குவா, சீனர், இந்தியர் முதலிய உட்பிரிவுகளாக்கியது. 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் இவ்வாறே சட்டத்தின் பார்வையில் கலர்டு வகையின் உட்பிரிவொன்றில் அடங்கினர்.

வகைப்படுத்திய விதம்

இச்சட்டத்தின் தொடக்க வரையறை வம்சாவளியை அடிப்படையாகக் கொள்ளவில்லை. தோற்றம், சுற்றியுள்ளோர் ஒருவரை எந்த இனத்தவராக ஏற்கிறார்கள் என்பது ஆகிய இரண்டே அளவுகோல்கள். பழக்கவழக்கம், கல்வி, பேச்சு, நடத்தை ஆகியவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று 1962-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. ஆகவே ஒரு பிள்ளை யாரோடு விளையாடுகிறது, எந்தப் பள்ளிக்குப் போகிறது, எப்படிப் பேசுகிறது என்பவை இனத்தின் விளைவுகளாக மட்டும் இல்லை. இனத்தை நிறுவும் ஆதாரங்களாகவும் ஆயின. அண்டை வீட்டாரின் ஒரு புகார் குடும்பம் முழுவதையும் விசாரணைக்கு இழுத்துவிடலாம்.

தலைமுடிக்குள் பென்சிலைச் செருகி, அது தானாக விழுகிறதா, சுருளில் சிக்கி நிற்கிறதா என்று பார்த்த ‘பென்சில் சோதனை’ இம்முறையின் அடையாளமாகவே பேசப்படுகிறது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் வெவ்வேறு இனத்தவராகப் பதிவானதும் உண்டு. ஆப்பிரிக்கர் என்று பதிவானவர் ‘பாஸ்’ எனப்பட்ட நடமாட்ட அனுமதிப் புத்தகத்தை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும், நகரில் தங்கும் உரிமையை நிறுவ வேண்டும். கலர்டு என்று பதிவானவருக்கு இவ்விரு கட்டாயங்களும் இல்லை. வகைப்பாட்டை எதிர்த்து அதற்கென அமைந்த வாரியத்திடமும் நீதிமன்றத்திலும் முறையிடலாம். 1980-களிலும் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோரின் இனம் அரசாணையால் மாற்றப்பட்டது.

குடும்பமும் வீடும்

வெளிர் நிறத்தோடு பிறந்தவர்கள் வெள்ளையராகக் கடந்துசெல்வதைக் கேப் பேச்சுவழக்கில் ‘ட்ரை ஃபார் ஒயிட்’ என்றனர். நல்ல பள்ளியும் நல்ல வேலையும் அதனால் கிடைத்தன. விலையாகக் குடும்ப உறவு போனது. கறுத்த உடன்பிறப்புகளையும் தாத்தா பாட்டியையும் தெருவில் கண்டால் தெரியாதவர்போல் கடந்துபோகும்படி பிள்ளைகள் பழக்கப்படுத்தப்பட்டனர். கலர்டு குடும்பங்களுக்குள்ளேயே நிறத்தையும் முடியின் சுருளையும் வைத்துப் பிள்ளைகளை உயர்த்தியும் தாழ்த்தியும் பேசும் வழக்கம் வலுத்தது.

1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் ஊர்களை இனவாரியாகப் பிரித்தது. பல இனத்தவரும் கலந்து வாழ்ந்த, ஜோகன்னஸ்பர்க்கின் சோஃபியாடவுனில் 1955-இல் வெளியேற்றம் தொடங்கியது. கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் 1966-இல் வெள்ளையர் பகுதியென அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து 60,000-க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் நகர மையத்துக்கு வெகுதொலைவில், மணல் பரந்த கேப் ஃபிளாட்ஸ் சமவெளியில் குடியமர்த்தப்பட்டனர். பெற்றோர் விடியுமுன் வேலைக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. தெருவில் பிள்ளைகளைக் கவனித்துவந்த பாட்டிமாரும் அண்டை வீட்டாரும் ஆளுக்கொரு பக்கம் சிதறிப்போயினர். அப்பகுதிகளில் பின்னர் வேரூன்றிய இளைஞர் கும்பல்களுக்கு இந்தச் சிதைவும் ஒரு காரணம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

கல்வி

1963-ஆம் ஆண்டுச் சட்டம் கலர்டு பிள்ளைகளின் பள்ளிகளைத் தனித் துறையின்கீழ்க் கொண்டுவந்தது. ஒரு மாணவருக்கு அரசு செலவிட்ட தொகை வெள்ளையருக்கு மிக அதிகம், ஆப்பிரிக்கருக்கு மிகக் குறைவு. கலர்டு மாணவர் இடைநிலையில் இருந்தனர். பல்கலைக்கழகங்களும் 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இனவாரியாகப் பிரிக்கப்பட்டன. கலர்டு மாணவருக்கென மேற்கு கேப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. ஆட்சி ஊட்ட நினைத்த அடங்கிய மனநிலைக்கு நேர்மாறாக, அது எதிர்ப்பு அரசியலின் களமாக மாறியது.

அறியப்பட்ட வாழ்க்கைகள்

எழுத்தாளர் பெஸ்ஸி ஹெட் 1937-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில், தாய் அடைக்கப்பட்டிருந்த மனநல மருத்துவமனையில் பிறந்தார். தாய் வெள்ளையர், தந்தை கறுப்பினத்தவர். வளர்க்க எடுத்த வெள்ளைக் குடும்பம் தோற்றத்தைக் கண்டு திருப்பி அனுப்பவே, கலர்டு குடும்பம் ஒன்றில் வளர்ந்தார். வளர்ப்புத் தாயையே பெற்ற தாயாக எண்ணியிருந்தவர், டர்பனில் மிஷன் விடுதியில் இருந்தபோது உண்மையை அறிந்தார். 1964-இல் திரும்பிவர முடியாத அனுமதிச் சீட்டுடன் இன்றைய போட்ஸ்வானாவுக்குச் சென்றார். ‘மசார்வா’ எனப்பட்டு ஒடுக்கப்பட்ட சான் இனப் பெண் ஒருத்தியை மையமாகக் கொண்ட அவருடைய ‘மாரு’ நாவல் 1971-இல் வெளிவந்தது.

1955-இல் பிறந்த சாண்ட்ரா லெயிங்கின் பெற்றோர் இருவரும் வெள்ளையராகப் பதிவானவர்கள். கறுத்த நிறத்தையும் சுருள்முடியையும் காரணம் காட்டி, வெள்ளையர் பள்ளியிலிருந்து 10 வயதில் அவர் வெளியேற்றப்பட்டார். 1966-இல் கலர்டு என மறுவகைப்படுத்தப்பட்டார். வெள்ளையர் இருவருக்குப் பிறந்த பிள்ளை வெள்ளையரே என 1967-இல் சட்டம் திருத்தப்பட்டதும் மீண்டும் வெள்ளையரானார். ஆனால் வெள்ளைச் சமூகம் அவரை ஏற்கவில்லை. பதின்வயதில் கறுப்பினத்தவர் ஒருவருடன் வீட்டைவிட்டு வெளியேறினார். பிற்காலத்தில், தன் பிள்ளைகளைத் தன்னோடு வைத்துக்கொள்வதற்காகத் தன்னைக் கலர்டாகப் பதியும்படி அவரே கேட்க வேண்டியிருந்தது.

நகைச்சுவைக் கலைஞர் ட்ரெவர் நோவா 1984-இல் ஜோகன்னஸ்பர்க்கில், கோசா இனத் தாய்க்கும் சுவிட்சர்லாந்துத் தந்தைக்கும் பிறந்தவர். ‘பார்ன் எ க்ரைம்’ என்ற 2016-ஆம் ஆண்டுத் தன்வரலாற்றில், தாயும் மகனும் வெளியே செல்கையில் கலர்டு பெண் ஒருவரைத் தாய்போல் உடன் நடக்கச் செய்ததையும், ஆப்பிரிக்கர் குடியிருப்பான சொவேட்டோவில் பாட்டி வீட்டில் தெருவுக்கு விடாமல் வளர்க்கப்பட்டதையும் விவரிக்கிறார். கிரிக்கெட் வீரர் பாசில் டொலிவெரா, கலர்டு என்பதால் தாய்நாட்டு அணியில் இடமின்றி 1960-இல் இங்கிலாந்து சென்றார். 1968-இல் இங்கிலாந்து அணியில் அவர் வருவதைத் தென்னாப்பிரிக்க அரசு ஏற்க மறுத்ததால் அந்த அணியின் தென்னாப்பிரிக்கச் சுற்றுப்பயணமே ரத்தானது.

எதிர்ப்பும் சட்ட நீக்கமும்

ஸ்டீவ் பிக்கோ முன்னெடுத்த கறுப்புணர்வு இயக்கம், ஆப்பிரிக்கர், இந்தியர், கலர்டு மூவரையும் ‘கறுப்பர்’ என்று ஒன்றாக அழைத்தது. மாணவர் பலர் பதிவேட்டு முத்திரையை மறுத்து இப்பெயரை ஏற்றனர். 1976-இல் சொவேட்டோவில் எழுந்த கிளர்ச்சி சில வாரங்களில் கேப் டவுனின் கலர்டு பள்ளிகளுக்கும் பரவியது. 1985 அக்டோபரில் கேப் டவுனின் ஏத்லோன் பகுதியில், லாரியில் பெட்டிகளுக்குள் ஒளிந்துவந்த காவல்படையினர் சுட்டதில் இளையோர் 3 பேர் இறந்தனர். அவர்களில் ஒருவர் 11 வயதுச் சிறுவர். கலர்டுகளுக்கும் இந்தியருக்கும் தனித்தனி அவைகள் கொண்ட நாடாளுமன்றம் 1984-இல் அமைக்கப்பட்டது. அவ்விரு சமூகத்தாரிலும் பெரும்பாலோர் அதன் தேர்தலைப் புறக்கணித்தனர்.

கலப்பு மணத் தடையும் இனக்கலப்பு உறவுத் தடையும் 1985-இல் நீங்கின. குழுப் பகுதிகள் சட்டமும் மக்கள்தொகைப் பதிவுச் சட்டமும் 1991-இல் நீக்கப்பட்டன. ஆனால் ஏற்கெனவே பதிவாகியிருந்தவர்களின் வகைப்பாடு புதிய அரசமைப்பு வரும்வரை தொடர்ந்தது.

பின்விளைவுகள்

நிலம் இழந்தோர் இழப்பீடு கோர 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. அதே ஆண்டு டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. வேலைவாய்ப்பில் பழைய பாகுபாட்டைச் சரிசெய்ய 1998-இல் இயற்றப்பட்ட சட்டம் கலர்டு என்ற வகையையே பயன்படுத்துகிறது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள்தொகையின் 8.2 விழுக்காட்டினர் தம்மைக் கலர்டு என்று பதிந்தனர். அச்சொல்லை இழிவாகக் கருதி கோய்சான் மரபினர் என்றோ கறுப்பர் என்றோ சொல்லிக்கொள்வோரும் உள்ளனர். தமக்கென மொழியும் இசையும் உணவும் உள்ள சமூகத்தின் பெயராக அதைப் பெருமையோடு ஏற்போரும் உள்ளனர். முன்பு அதிகாரி நிரப்பிய கட்டத்தை இன்று அவரவரே நிரப்புகின்றனர்.