கூடைப்பந்து வந்த வழி

சென்ற ஆண்டு ஈப்போவில் போட்டி முடிந்து பிள்ளைகளோடு வேனில் திரும்பிக் கொண்டிருந்தோம். சாலையோரம் ஒரு சீனப்பள்ளி. மாலை வெயிலில் இரண்டு திடல் நிறையப் பிள்ளைகள் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு விளக்கில் வேன் நின்றது. நம் பையன்கள் எல்லாரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். "நீங்களும் ஆடிப் பாக்குறீங்களாடா?" என்று கேட்டேன். "அது சீனவங்க ஆட்டம் சார்" என்றான் ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன். மற்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பச்சை விளக்கு விழுந்தது. பேச்சும் அதோடு நின்றது.

எனக்கு மட்டும் அந்த வார்த்தை மனத்தை விட்டுப் போகவில்லை. மலருக்குக் கட்டுரை கேட்டபோது இதைப் பற்றியே எழுதுகிறேன் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன். பெற்றோர்களும் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1861-ஆம் ஆண்டு கனடாவில் பிறந்தவர். ஒன்பது வயதுக்குள் தாயும் தந்தையும் விஷக் காய்ச்சலில் இறந்துபோனார்கள். பதினைந்து வயதில் பள்ளியை விட்டு நின்று, காட்டில் மரம் வெட்டும் வேலைக்குப் போனார். சில ஆண்டு கழித்துத் திரும்பவும் பள்ளிக்கு வந்து, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்து முடித்தார். (ஆறாம் ஆண்டோடு போதும் என்று நினைக்கும் பிள்ளைகள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.)

1891-இல் அவர் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர். குளிர்காலம், வெளியே ஆட முடியாது. ஒரு வகுப்பு மாணவர்கள் உடற்பயிற்சி என்றாலே முரண்டு பிடித்தார்கள். அவருக்கு முன்பு அந்த வகுப்பை எடுத்த இரண்டு ஆசிரியர்கள் கைவிட்டுவிட்டார்கள். பதினான்கு நாளில் உள்ளே ஆடுவதற்கு ஒரு புது ஆட்டம் வேண்டும் என்று தலைவர் கட்டளையிட்டார். நெய்ஸ்மித் யோசித்து யோசித்து, கடைசியில் கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட பணியாளிடம் இரண்டு பெட்டி கேட்டார். அவரிடம் பெட்டி இல்லை. பீச் பழம் வைக்கும் கூடை இரண்டு கொண்டுவந்து கொடுத்தார். கூடைப்பந்து என்ற பெயர் அந்தப் பணியாள் கொடுத்த கூடையால் வந்ததுதான்.

கூடையை ஆணியடித்த மாடத்தின் உயரம் பத்தடி. அதனால்தான் உலகம் முழுவதும் இன்றைக்கும் வளையம் பத்தடி உயரத்தில் இருக்கிறது. பந்து, கால்பந்து. பக்கத்துக்கு ஒன்பது பேர். விதிகள் பதின்மூன்று. கூடைக்கு அடிப்பாகம் உண்டல்லவா? பந்து விழுந்தால் ஏணி வைத்து ஏறித்தான் எடுக்க வேண்டும். ஆனால் முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு பந்துதான்!

ஸ்பிரிங்பீல்டிலிருந்து இந்த ஆட்டம் பல வழியாகப் புறப்பட்டது. ஒய்.எம்.சி.ஏ. ஆட்களே 1895-இல் சீனாவின் தியன்ஜின் நகருக்குக் கொண்டுபோனார்கள். அதே ஸ்பிரிங்பீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர் சென்னைக்கு வந்து, 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இந்தியாவில் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கிய முன்னோடிக் கல்லூரி அது. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்தியக் குழுவோடு சென்றவரும் இந்தப் பக் அவர்களே. 1943-இல் சென்னையிலேயே காலமானார். 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய ஆண்கள் அணி கூடைப்பந்து ஆடியது.

ஆக, சீனருக்கும் தமிழருக்கும் இந்த ஆட்டத்தைக் கொடுத்த கை ஒன்றுதான். அவர்களுக்குக் கொஞ்சம் முன்னாலே வந்தது, அவ்வளவே. பிறகு ஏன் நம் தோட்டங்களில் அது வேர்விடவில்லை? எனக்குத் தோன்றுவது இது: கால்பந்துக்குப் புல் திடல் போதும், அது தோட்டத்தில் இருந்தது. கூடைப்பந்துக்குச் சிமெண்டு வேண்டும், இரும்புத் தூண் வேண்டும், காசு வேண்டும். பட்டணத்துச் சீனப்பள்ளிகளுக்கு அந்தச் சமூகத்தார் நன்கொடை திரட்டிப் போட்டுக் கொடுத்தார்கள். அதன் பலன், தென்கிழக்காசியப் போட்டியில் 1979-இலும் 1989-இலும் பிலிப்பைன்ஸை முந்தி மலேசிய ஆண்கள் அணி தங்கம் வாங்கியது.

நெய்ஸ்மித்தின் கதைக்கு வருவோம். 1898-இல் அவர் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஆண்கள் அணியைத் தொடங்கினார். 1899-இல் ஆடிய முதல் ஆட்டத்திலேயே 5-க்கு 16 என்று தோல்வி. அவர் காலத்தில் வென்றது 55, தோற்றது 60. நூறாண்டுக்கு மேலான அந்த அணியின் வரலாற்றில், வெற்றியைவிடத் தோல்வி அதிகமாக உள்ள ஒரே பயிற்றுநர் ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்தான்! அவரிடம் ஆடிய ஃபாக் ஆலன் பிறகு 39 பருவங்கள் அதே அணியை நடத்தினார். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து சேர்க்கப்பட்டதற்கு முன்னின்று பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். அங்கே இறுதி ஆட்டம் கொட்டும் மழையில், மண் திடலில் நடந்தது. சேற்றில் பந்து எழும்பவே இல்லை. 19-க்கு 8 என்று அமெரிக்கா கனடாவை வென்றது. வயதான நெய்ஸ்மித்தும் அந்த ஒலிம்பிக்கைப் பார்க்கப் போயிருந்தார். 1952-இல் கன்சாஸ் தேசிய வெற்றியாளர். பிறகு 1988, 2008, 2022.

இந்தப் பெருமைகளுக்கு நடுவே ஒரு கறையும் உண்டு. 1933-இல் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர் அங்கே உடற்கல்வி படிக்கச் சேர்ந்தார். பல்கலைக்கழக அணியில் கறுப்பர்களுக்கு இடமில்லை. அவர் நீச்சல் குளத்தில் இறங்கியதற்காகக் குளத்துத் தண்ணீரையே இறைத்து விட்டார்கள். நம் பாட்டன்மார் ஊரில் கிணற்றுக்கும் குளத்துக்கும் இருந்த சட்டம் அமெரிக்காவிலும் இருந்திருக்கிறது பாருங்கள். நெய்ஸ்மித் அவரைக் கைவிடவில்லை. தாமே வழிகாட்டியாக இருந்து படிக்க வைத்தார். ஒருநாள்கூட அணியின் சட்டையைப் போடாத அந்த மெக்லெண்டன், பின்னாளில் டென்னசியில் ஒரு கறுப்பர் கல்லூரி அணியை 1957, 1958, 1959 என்று தொடர்ந்து மூன்று முறை தேசியப் பட்டம் வாங்க வைத்தார். கன்சாஸும் 1950-களில் மாறியது. 1957-இல் அந்த அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுசென்ற வில்ட் சேம்பர்லின் கறுப்பினத்தவரே.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னேன். வேனில் எனக்குப் பதில் சொன்ன பையன் வாயைத் திறக்கவில்லை. மறுவாரம் அவன் தாத்தாவைப் பள்ளிக்கு அழைத்து வந்தான். கித்தா காலத்தில் ரப்பர் ஸ்டோரில் வேலை பார்த்தவர். இரும்பு ஒட்டத் தெரிந்தவர். "வாத்தியாரே, வளையம் எத்தனை அங்குலம்?" என்று கேட்டார். பதினெட்டு என்றேன். பழைய கம்பியை வளைத்து ஒட்டிக் கொண்டுவந்துவிட்டார். தூண்தான் சரியாக அமையவில்லை; மண்ணில் புதைத்தது போக வெளியே ஒன்பதடிதான் நிற்கிறது. அடுத்த மாதம் ஓரடி கூட்டித் தருகிறேன் என்கிறார் பெரியவர்.

"அவசரமில்ல தாத்தா, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்கிறான் பேரன்.