பூலித்தேவரைப் பேட்டி எடுத்தால்...

"பழங்கால மன்னர் ஒருவரைப் பேட்டி காண்பதாகக் கற்பனை செய்து எழுதுக." வரலாற்றுப் பாடத்தில் மாணவர்களுக்குக் கொடுக்கப்படும் வேலைகளில் இது சுவையானது. பெரும்பாலோர் ராஜராஜ சோழனையோ அசோகரையோ தேடிப் போவார்கள். வாசுதேவநல்லூர்ப் பிள்ளைகள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அருகிலுள்ள நெற்கட்டும்செவலில் ஆண்ட பூலித்தேவர் இருக்கிறார். அவருடைய மூன்று பெரிய கோட்டைகளில் ஒன்று வாசுதேவநல்லூரிலேயே இருந்தது!

அவர் மிகப் பழைய காலத்தவர் அல்லர், 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். முடிசூடிய பேரரசரும் அல்லர், ஒரு பாளையக்காரர். மதுரை நாயக்கர்கள் 16-ஆம் நூற்றாண்டில் நாட்டைப் பாளையங்களாகப் பிரித்தார்கள். வரி வாங்குவது, வழக்குத் தீர்ப்பது, ஊர்க் காவல், படை வைத்திருப்பது எல்லாம் பாளையக்காரர் பொறுப்பு. பேட்டி எடுக்கப் போகிறவர் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, என்ன கேட்கலாம்?

முதல் கேள்வி: ஐயா, தாங்கள் ஏன் வரி கொடுக்க மறுத்தீர்கள்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஆற்காட்டு நவாப் முகமது அலி கும்பினியாருக்குக் கடன்பட்டிருந்தார். பாளையக்காரர்களிடம் வரி வசூலிக்க 1755-இல் கர்னல் ஹெரான் தலைமையில் படை வந்தது. நவாப்பின் அண்ணன் மாபூஸ்கானும் கூட வந்தார். நெற்கட்டும்செவல் கோட்டை முன் நின்று ஹெரான் 20,000 ரூபாய் கேட்டார். அவரிடம் பெரிய பீரங்கியும் இல்லை, போதிய உணவும் இல்லை என்பது பூலித்தேவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு காசும் கொடுக்கவில்லை. ஹெரான் வெறுங்கையுடன் திரும்பினார். நெல் கட்ட மறுத்ததால் "நெற்கட்டும்செவல்" என்ற ஊர் "நெற்கட்டான்செவல்" ஆயிற்று என்று மக்கள் இன்றும் சொல்வார்கள்.

ஆக, இந்தக் கேள்விக்கு "வீரத்தால் மறுத்தேன்" என்று மட்டும் பதில் எழுதினால் பாதிதான் சொன்னதாகும். எதிரியின் பலவீனத்தைச் சரியாகக் கணித்தவர் என்பதே மீதிப் பாதி. கூடவே இன்னொரு துணைக் கேள்வியும் உண்டு: "தாங்களும் குடிமக்களிடம் வரி வாங்கினீர்கள் அல்லவா?" ஆம், பாளையக்காரர் என்ற முறையில் வாங்கினார். நல்ல பேட்டியாளர் இதைக் கேட்கத் தயங்கக் கூடாது.

இரண்டாம் கேள்வி: தங்களோடு யார் நின்றார்கள்? யார் நிற்கவில்லை?

மேற்குப் பகுதி மறவர் பாளையங்கள் பலவற்றை அவர் ஓரணியில் சேர்த்தார். ஆனால் அருகிலிருந்த சிவகிரி சேரவில்லை. எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் சேரவில்லை. நபிகான் கட்டக் முதலிய பட்டாணிய அதிகாரிகளோ அவர் பக்கம் வந்தார்கள். மைசூர் ஹைதர் அலியிடமும் பிரெஞ்சுக்காரர்களிடமும் உதவி தேடினார், கிடைக்கவில்லை. இந்த வரலாற்றை "நம்மவர், அந்நியர்" என்று இரண்டே கட்சியாகப் பிரிக்க முடியாது.

படையில் முன்னின்ற ஒண்டிவீரன், வெண்ணிக் காலாடி ஆகியோரைப் பற்றியும் கேட்க வேண்டும். இருவரும் வெவ்வேறு சமூகத்தவர். அவர்கள் பெயர் நிலைத்தது பெரும்பாலும் மக்கள் வாய்மொழியால்தான். ஒண்டிவீரனுக்கு இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது 2022-இல்தான்!

மூன்றாம் கேள்வி: வாசுதேவநல்லூர்க் கோட்டையைப் பற்றிச் சொல்லுங்கள்.

அது மண்கோட்டை. ஆனாலும் எளிதில் விழவில்லை. கும்பினிப் படைத் தளபதி யூசுப்கான், அதாவது கான்சாகிபு, 1759 டிசம்பரில் முற்றுகையிட்டுப் பார்த்தார், முடியவில்லை. திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரிய பீரங்கிகள் வந்த பிறகே நிலைமை மாறியது. 1761 மே 16-இல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் யூசுப்கான் வசமாயின.

பின்னர் யூசுப்கானே கும்பினிக்கும் நவாப்புக்கும் எதிராகத் திரும்பினார். 1764 அக்டோபரில் மதுரையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதே ஆண்டில் பூலித்தேவர் திரும்பி வந்து நெற்கட்டும்செவலை மீட்டார். 1767-இல் கேம்பெல் பெரும்படையோடு வந்தபோது வாசுதேவநல்லூரில் மீண்டும் போர் மூண்டது. பீரங்கி உடைத்த சுவரை உள்ளே இருந்தவர்கள் உடனுக்குடன் அடைத்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களின் துணிவை எதிரியே வியந்து எழுதினார். இறுதியில் கோட்டை விழுந்தது, பூலித்தேவர் தப்பிச் சென்றார்.

கடைசிக் கேள்வி: தங்கள் முடிவு எப்படி நேர்ந்தது?

இங்கேதான் மாணவர்கள் கவனமாக இருக்க வேண்டும். தலைமறைவாக இருந்தபோதே இறந்தார் என்று பாடநூல் சொல்கிறது. மக்கள் சொல்லும் கதை வேறு. பிடிபட்ட அவர் சங்கரன்கோவிலில் சாமி கும்பிட அனுமதி கேட்டார், கோயிலுக்குள் சென்றவர் மறைந்து போனார் என்பது அந்தக் கதை. மக்கள் அவரை எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதை அது காட்டுகிறது. ஆனால் பேட்டியில் அதை அவர் வாயால் சொன்னதாக எழுதிவிட்டால், கதை எது, சான்று எது என்று படிப்பவருக்குத் தெரியாமல் போய்விடும். "இதை மக்களிடம் கேளுங்கள்" என்று அவர் சிரித்தபடி எழுந்து போவதாக எழுதலாம். அது பொய்யாகாது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இந்தப் போர்களை விரிவாக எழுதி வைத்தவர்கள் யார்? சென்னைக் கும்பினி நிர்வாகத்தில் இருந்த ராபர்ட் ஓர்ம், 1881-இல் திருநெல்வேலி வரலாற்றை வெளியிட்ட கால்டுவெல் பாதிரியார் போன்றவர்கள். கும்பினியின் கணக்கில் வரி கட்டாதவர் கலகக்காரர். பூலித்தேவர் பக்கத்து நியாயம் அந்த ஏடுகளில் வரிகளுக்கு இடையில்தான் கிடைக்கும். ஒருபக்கத்தார் மட்டுமே எழுதிய வரலாற்றில் மறுபக்கத்தாருக்குப் பேச ஓர் இடம் கொடுக்கிறது இந்தக் கற்பனைப் பேட்டி.

எனவே மாணவர்கள் ஒவ்வொரு பதிலுக்கும் கீழே, அது ஏட்டில் உள்ளதா, ஊரார் சொன்னதா, தன் ஊகமா என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும். 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கும் நெற்கட்டும்செவலில் அவருக்கு நினைவு மாளிகை இருக்கிறது. செப்டம்பர் 1 அவருடைய பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது. மாலை போடுவதோடு நில்லாமல் நாலு கேள்வியும் கேட்டால், அவருக்கும் அது மரியாதைதானே!