பேட்டன்பர்க்: ஒதுக்கி வைக்கக் கொடுத்த பட்டம்

இந்தியாவின் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டனை ஸ்கூல்ல எல்லாருமே படிச்சிருப்போம். ஆனா 1900-ல் அவர் பிறந்தபோது அவருக்கு அந்தப் பெயர் கிடையாது. அப்போ அவர் 'பேட்டன்பர்க்' இளவரசர். இன்னைக்கு அந்த ஜெர்மன் பட்டத்தோட கதையைத்தான் பேசப் போறோம்.

கதை ஒரு காதல்ல ஆரம்பிக்குது. ஜெர்மனியின் ஹெஸ்ஸே நாட்டை ஆண்ட குடும்பத்து இளவரசர் அலெக்ஸாண்டர். அவருடைய தங்கை ரஷ்யப் பட்டத்து இளவரசரின் மனைவி. அந்தத் தங்கையின் தோழிப்பெண்தான் ஜூலியா ஹவுகே. போலந்துத் தளபதி ஒருவரின் மகள். பிரபுக் குடும்பம்தான், ஆனா அரச குடும்பம் இல்லை. அது போதும், பிரச்சினை வர. இருவரும் ரஷ்ய அரண்மனையை விட்டு வெளியேறி 1851-ல் திருமணம் செய்துகொண்டார்கள்.

அந்தஸ்து பொருந்தாத இந்த மாதிரிக் கல்யாணத்துக்கு 'மோர்கனாட்டிக்'னு பேர். சட்டப்படி செல்லும். ஆனால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கணவரின் அந்தஸ்தும் கிடையாது, அரியணை உரிமையும் கிடையாது. அப்போ அவங்களை எப்படிக் கூப்பிடுறது? அலெக்ஸாண்டரின் அண்ணன்தான் அப்போது ஹெஸ்ஸேயை ஆண்டவர். எடர் ஆற்றங்கரையில் இருந்த பேட்டன்பர்க் என்ற சின்ன ஊரின் பெயரை எடுத்து, ஜூலியாவைப் 'பேட்டன்பர்க் கோமாட்டி' ஆக்கினார். 1858-ல் அது இளவரசிப் பட்டமாக உயர்ந்தது.

பார்க்க மரியாதை மாதிரிதான் இருக்கும். ஆனா நான் இதை ஒரு வேலின்னுதான் சொல்வேன். 'நீங்க இளவரசர்கள்தான், ஆனா எங்க வீட்டு இளவரசர்கள் இல்லை'ங்கிறதுதான் அதோட அர்த்தம்.

அந்த வேலியை முதலில் பொருட்படுத்தாதவர் இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணி. ஜூலியாவின் மகன் லூயிஸ் 1884-ல் ராணியின் பேத்தியை மணந்தார். அடுத்த வருஷமே இன்னொரு மகன் ஹென்றிக்கு ராணியின் கடைசி மகள் பியாட்ரிஸோடு கல்யாணம். ஹென்றியின் மகள் ஏனா 1906-ல் ஸ்பெயினின் ராணியானார். இன்னொரு மகன் அலெக்ஸாண்டர், அதற்குள் பல்கேரியாவை ஏழு வருஷம் ஆண்டு, 1886-ல் பதவி இழந்திருந்தார்.

லூயிஸ் 14 வயதில் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தவர். 1912-ல் அதன் உச்சப் பதவியான முதல் கடற்படைத் தளபதி ஆனார். 1914-ல் முதல் உலகப்போர் வந்தது. 46 வருஷ சேவையை ஒரு ஜெர்மன் பெயர் தோற்கடிச்சுது. பத்திரிகைகளின் சந்தேகம் தாங்காமல் அக்டோபரில் ராஜினாமா செய்தார்.

1917-ல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் தன் குடும்பப் பெயரையே விண்ட்சர் என்று மாற்றினார். லூயிஸும் இளவரசர் பட்டத்தை விட்டார். ஜெர்மனில் 'பர்க்' என்றால் மலை. ஆங்கிலத்தில் அது 'மவுண்ட்'. பேட்டன்பர்க் அப்படித்தான் மவுண்ட்பேட்டன் ஆச்சு. நம்ம வைஸ்ராய் இவரோட மகன்தான். அப்பா இழந்த அதே கடற்படைப் பதவி 1955-ல் அவர் கைக்கு வந்தது.

லூயிஸின் மகள் ஆலிஸ். ஆலிஸின் மகன் பிலிப். கிரேக்க இளவரசரா பிறந்தவர், தன் பட்டங்களை விட்டு, 1947-ல் தாய்வழிப் பெயரான மவுண்ட்பேட்டனை எடுத்துக்கிட்டார். அதே வருஷம் எலிசபெத்துடன் திருமணம். அவங்க மகன்தான் இன்றைய மன்னர் சார்லஸ். ஸ்பெயின் மன்னர் ஆறாம் ஃபெலிப்பே, ஏனாவின் கொள்ளுப்பேரன்.

ஹெஸ்ஸேயின் அரியணை 1918-லேயே போயிடுச்சு. எந்த அரியணைக்கும் லாயக்கில்லைன்னு ஒதுக்கப்பட்ட ஜூலியாவோட வம்சம் இன்னைக்கு ரெண்டு அரியணைகளில் இருக்கு. 'ராஜ ரத்தம்'னு யாராவது பெருமையா பேசினா, எனக்கு ஜூலியா ஞாபகம்தான் வரும். அந்தஸ்து ரத்தத்துல இல்லைங்க, அதை எழுதுற பேனாவுலதான் இருக்கு. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.